நல்லேந்தலில் நெருப்பு விழுந்த நாள்

முதுநிலைப் பட்டப் படிப்பில் சேர்ந்தபோது வேதாவுக்கு வயது முப்பத்துமூன்று. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்டு வந்த குடும்பத்தின் இரண்டாவது பெண் அவள். திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989ஆம் ஆண்டில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பிறகு இயற்பியலில் பட்டம் பெற்று, தேர்வாணையத் தேர்வு எழுதி, 1994இல் வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளரானாள். கணவர் அன்பரசன் ரமணாசிரமம் பகுதியில் வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டவர்க்கும் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். வாழ்க்கையில் குறை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு புதன்கிழமையின் நினைவு மட்டும் அவளை விடவில்லை.

அது 1996ஆம் ஆண்டு மாசி மாதம். அவள் அப்போது வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தாள். நல்லேந்தல் என்னும் சிற்றூரிலிருந்து இருபத்தைந்து பேர் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பொழுது சாய்ந்த பிறகு வானத்திலிருந்து பச்சையும் வெள்ளையுமாக ஒரு நெருப்பு இறங்கி ஊர் ஏரிப் பக்கம் விழுந்தது என்றும், பாறைக்கு வெடி வைத்ததைப் போலச் சத்தம் கேட்டது என்றும், ஊரே காலிசெய்துவிட்டுப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நிவாரணம் அல்ல. ஊருக்குத் திரும்பலாமா, ஏரித் தண்ணீரை மாட்டுக்குக் காட்டலாமா, இந்த இரண்டை மட்டுமே கேட்டார்கள். பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. கையில் பேனாவுடன் உட்கார்ந்திருந்தவள் என்பதால் ஒரு பெண் வேதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலதிகாரி வந்து சொல்வார் என்று வேதா சொல்லி அனுப்பினாள். யாரும் போகவில்லை. மாடுகள் தாங்காமல், வெள்ளிக்கிழமை அவர்களே ஊர் திரும்பியதாகக் கேள்விப்பட்டாள். இயற்பியல் படித்தும் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாமல் போயிற்றே என்ற உறுத்தல் அவளுக்குள் தங்கிவிட்டது.

ஆழிப்பேரலைக்குப் பிறகு எல்லா மாவட்டங்களும் பேரிடர்த் திட்டம் எழுதத் தொடங்கின. அப்போது வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்துக்கு மாறியிருந்த வேதாவிடம் அதற்கான படிவம் வந்தது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் பேரிடர் ஆய்வில் முதுநிலைப் படிப்பு தொடங்கியிருப்பதும், சனிக்கிழமைகளில் வகுப்பு நடப்பதும், மூன்றாம் பருவத்தில் விண்வெளி இடர்கள் என்றொரு பாடம் இருப்பதும் அதே வாரம் செய்தித்தாளில் வந்த விளம்பரத்தால் தெரிந்தன. அன்பரசனிடம் காட்டினாள். அவர் விளம்பரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, சனிக்கிழமை சமையல் தன் பொறுப்பு என்று மட்டும் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள், விடியற்காலை நாலரை மணிப் பேருந்தில், செஞ்சி திண்டிவனம் வழியாக அவள் சென்னைக்குப் போய் வந்தாள். சூரியனில் எழும் புயல் பூமியின் மின்கம்பிகளை என்ன செய்யும், விண்கல் காற்றில் எந்த உயரத்தில் உடையும், ஆயுள் முடிந்த ராக்கெட் பாகங்கள் எப்படிக் கீழே வருகின்றன என்பதையெல்லாம் பேருந்தின் ஆட்டத்திலேயே படித்தாள். அந்தப் பாடத்தில் ஆய்வேடு எழுத முன்வந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற பதின்மூன்று பேரும் வெள்ளம், புயல், தீ என்று பிரித்துக்கொண்டார்கள்.

அலுவலகத்தில் செய்தி பரவியது. பிரிவுக் கண்காணிப்பாளர் சக்கரபாணி கோப்பிலிருந்து தலை தூக்காமலே பேசும் பழக்கமுள்ளவர். "ஏம்மா வேதா, மேலயே பாத்துக்கினு நடக்காதீங்க. ரோட்ல தோண்டின பள்ளம் இன்னும் மூடல," என்றார். ஆனால் விடுப்புக் கடிதத்தை ஒருமுறைகூட அவர் திருப்பி அனுப்பியதில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் கீதாஞ்சலி கண்டிப்பானவர். நல்லேந்தல் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே ஒரு நிபந்தனையும் விதித்தார். வானத்திலிருந்து விழுந்தது கல்லா, மனிதர் அனுப்பிய ராக்கெட்டின் துண்டா என்று தெரிய வேண்டுமானால் நாளும் மணியும் துல்லியமாக வேண்டும். எந்தப் பொருள் எந்த நாளில் எந்த வழியாகக் கீழே வந்தது என்ற பட்டியல் இணையத்தில் உண்டு. ஒரு நாள் பிசகினாலும் அந்தப் பட்டியல் உதவாது. நாள் கிடைக்காவிட்டால் இது ஆய்வேடு அல்ல, கட்டுரை என்றார்.

நாள் எளிதில் கிடைக்கவில்லை. அன்றைய மனு ஓராண்டு வைத்திருந்து அழிக்க வேண்டிய வகையைச் சேர்ந்தது; விதிப்படி அழிக்கப்பட்டிருந்தது. நாளிதழ் ஒன்றில் நான்கு வரி வந்திருந்தது, அதிலும் 'சில நாட்களுக்கு முன்' என்றே இருந்தது. ஏரியில் எதுவும் அகப்படவில்லை. அடுத்த கோடையில் வண்டல் மண்ணை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்துவிட்டார்கள். ஆகவே வேதா ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லேந்தலுக்குப் போய், பார்த்தவர்களைத் தனித்தனியே கேட்டு எழுதினாள். நெருப்பு எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை விநாடி தெரிந்தது, சத்தம் எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதில் எல்லாரும் ஏறத்தாழ ஒத்துப்போனார்கள். அன்று மின்சாரம் இல்லாததால் தெருவில்தான் இருந்திருக்கிறார்கள். எந்தத் தேதி என்று கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே வீட்டைக் காட்டினார்கள். "வெள்ளையம்மா வூட்ல எழுதி வெச்சிருக்காங்க."

வெள்ளையம்மாளுக்கு ஒரே பெண், சிந்துஜா. நெருப்பு விழுந்து ஊர் ஓடிய அந்த நேரத்தில்தான் அவள் பெரியவளானாள். ஒரு பெண் பெரியவளான நாளையும் நாழிகையையும் குறித்து, அதைக்கொண்டு ருது ஜாதகம் கணித்து, பிறந்த ஜாதகத்தோடு சேர்த்து வைப்பதும், வரன் பார்க்கும்போது அதையும் எடுத்துக் காட்டுவதும் அந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளையம்மாள் பெட்டியிலிருந்து மஞ்சள் தடவிய தாளை எடுத்துக் கொடுத்தாள். யுவ வருஷம் மாசி மாதம் 14ஆம் தேதி, திங்கட்கிழமை, இரவு ஏழு மணி பத்து நிமிடம், ரோகிணி நட்சத்திரம் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. ஆங்கிலக் கணக்கில் 1996 பிப்ரவரி 26. நிமிடம்வரை எழுதிய சாட்சி கிடைத்துவிட்டது என்று வேதா அதை எழுத்துப் பிசகாமல் படியெடுத்துக்கொண்டாள். தெருவில் கேட்டபோது ஆமாம், திங்கள்தான் என்று ஐந்தாறு பேர் தலையசைத்தார்கள்.

மறுநாள் செங்கம் சாலையிலிருந்த இணைய மையத்தில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தாள். அந்தத் திங்கட்கிழமை மாலை, ஆயுள் முடிந்த ஒரு ராக்கெட் பாகம் தென்னிந்தியாவை ஒட்டிய பாதையில் கீழிறங்கியதாக அதில் இருந்தது. மணிக்கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போயிற்று. கீதாஞ்சலியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் உடனே, இதைத் தனிக் கட்டுரையாக ஒரு ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்றார். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் ராக்கெட்டைப் பற்றியே எழுதப்பட்டது. நாற்பத்திரண்டு பக்கம். அன்றிரவு அன்பரசன் பால்கோவா வாங்கி வந்தார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இருபத்தாறு நாள் இருந்தபோதுதான் காசியம்மாள் அகப்பட்டாள். நல்லேந்தலில் பிறந்து அங்கேயே வாழ்ந்தவள். கணவர் இறந்தபின் ஊரைவிட்டு வந்து, அன்பரசனின் கடைக்கு மூன்று வாசல் தள்ளியிருந்த விருந்தினர் விடுதியில் சமையல் செய்துவந்தாள். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று அன்பரசன்தான் சொன்னார். வேதா போனபோது அவள் பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரர்களுக்குக் காரம் கம்மியாகச் சமைத்துச் சமைத்துத் தன் நாக்கே செத்துப்போயிற்று என்று அலுத்துக்கொண்டாள். நெருப்பைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"அன்னிக்கி கிருத்திகைமா. நான் ஒருபொழுது. பால் காய்ச்சி ஆற வெச்சிருந்தேன். வானம் அப்டி வெளிச்சமாச்சி, நான் ஓடின ஓட்டத்துல பால் சட்டி கவுந்துபோச்சி. ராத்திரி பூரா பட்டினியா ஸ்கூல் வராண்டாவுல உக்காந்துகினு இருந்தேன்."

வேதாவின் பேனா நின்றது. தாளில் எழுதியிருந்த ரோகிணி, கிருத்திகைக்கு அடுத்த நாள். "கிருத்திகைக்கு மறுநாளா இருக்குமாக்கா? நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"மறுநாள்னா நான் நல்லா சோறு துன்னுட்டு இல்ல ஓடியிருப்பேன்?"

மாதந்தோறும் முருகனுக்காகக் கிருத்திகை விரதம் இருப்பவர்கள் நாளை மறப்பதில்லை. பட்டினி கிடந்த நாளை வயிறே நினைவு வைத்திருக்கும். வேதா திருமஞ்சன கோபுரத் தெருவில் பழைய பஞ்சாங்கங்களை அடுக்கி வைத்திருந்த ஒரு ஜோதிடரிடம் போய், யுவ வருஷத்தைப் பிரித்துப் பார்த்தாள். கிருத்திகை நட்சத்திரம் திங்கள் விடியுமுன்பே முடிந்திருந்தது. அப்படியானால் காசியம்மாளின் பால் சட்டி கவிழ்ந்தது ஞாயிறு மாலை. ஞாயிற்றுக்கிழமை எந்த ராக்கெட்டும் விழவில்லை. நாற்பத்திரண்டு பக்கமும் போகும். ஆய்விதழ்க் கட்டுரையும் போகும். மீண்டும் எழுதி முடிக்க நாள் போதாவிட்டால் பட்டமும் ஓராண்டு தள்ளிப் போகும்.

மூன்று நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் அன்பரசனிடம் சொன்னாள். எழுதி வைத்த தாள் ஒன்று, வாய்ச்சொல் ஒன்று. தாளைத்தானே எல்லாரும் நம்புவார்கள் என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தத் தாளை எழுத வைத்தவளைத் தான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது வேதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வந்த ஞாயிறே நல்லேந்தலுக்குப் போனாள்.

வெள்ளையம்மாள் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். வேதா சுற்றி வளைக்காமல், காசியம்மாள் சொன்னதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். வெள்ளையம்மாள் காலால் கடலையைத் தள்ளித் தள்ளிப் பரப்பினாள். கடைசி மூலைவரை பரப்பி முடித்த பிறகுதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழமதாம்மா. கெழமையும் ஆகாது, நட்சத்திரமும் ஆகாதுன்னாங்க. எனக்கு ஒரே பொண்ணு. விடிஞ்சா திங்கக்கெழம, ரோகிணி. ஒரு நா தள்ளிச் சொன்னா யாருக்கு இன்னா நஷ்டம்னு சொல்லிட்டேன்."

"சரிக்கா. நெருப்பு?"

"நெருப்பு வுழுந்தப்போதான் பொண்ணு உக்காந்தான்னு தெருவே பேசுது. பொண்ணு திங்கள்னா நெருப்பும் திங்கள்தான? அதையும் கூடவே இழுத்துக்கினு போயிட்டேன்."

பத்து ஆண்டுகளில் தெருவும் அவளோடு சேர்ந்து திங்கட்கிழமைக்குப் போய்விட்டிருந்தது. மஞ்சள் நீராட்டு அன்று வந்தவர்களுக்கெல்லாம் அப்படியே சொல்லி, கேட்டவர்கள் கேட்டவர்களுக்குச் சொல்லி, வானத்தில் நடந்தது ஒரு நாள் நகர்ந்துவிட்டது. வேதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருசேர வந்தன. வெள்ளையம்மாளுக்கோ வேறு கவலை. சிந்துஜாவைப் போளூரில் கொடுத்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. இந்தச் செய்தி சம்பந்தி காதில் விழுந்தால் பெண்ணுக்குப் பேச்சு வருமே என்றாள். புத்தகத்தில் எந்தப் பெயரும் வராது, பெரியவளானது என்ற பேச்சும் வராது, ஒரு குடும்பச் சடங்கின் குறிப்பு ஒரு நாள் தள்ளி எழுதப்பட்டது என்று மட்டுமே வரும் என்று வேதா உறுதி சொன்னாள்.

"அப்ப என்னை இன்னான்னு எழுதுவ?"

"தகவல் சொன்னவர், எண் பதினேழுனு போடுவேங்க்கா."

வெள்ளையம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். "ஒண்ணும் ஏழும் எட்டு. எட்டு வேணாம்மா. பதினெட்டுனு போட்டுக்க."

இம்முறை வேதாவால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள். வெள்ளையம்மாளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நாளை நகர்த்த வேதாவுக்கு உரிமை இல்லை. எண் அவள் தானே இட்டது, அதை மாற்றலாம். பதினெட்டாக இருந்த டீக்கடை வேணு பதினேழானார். அவருக்கு எண் கணிதத்தில் நம்பிக்கை இல்லை என்பதைக் கடைக்கே போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே வேதா அதைச் செய்தாள்.

கீதாஞ்சலியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. தொலைபேசியில் அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். இரண்டு தேதியையும் போட்டு, உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டால் ராக்கெட் அத்தியாயம் தப்பிக்கும், அதில் பொய்யும் இல்லை என்று வழி சொன்னார்.

"எனக்கு உறுதியா தெரிஞ்ச பிறகு தெரியலைன்னு எப்படி மேடம் எழுதறது?" என்றாள் வேதா.

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. "சரி. மூணாவது அத்தியாயத்தை எடுத்துடு. பதினெட்டு நாள் இருக்கு. நீ எழுத எழுத அனுப்பு, நான் அன்னன்னிக்கே பாத்து அனுப்பறேன்."

அந்தப் பதினெட்டு நாளும் வீடு அவள் இருப்பதையே மறந்து நடந்தது. சக்கரபாணி பத்து நாள் ஈட்டிய விடுப்புக்குப் பரிந்துரை எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'மேலே பார்க்க' என்று எழுதட்டுமா என்று கேட்டுவிட்டு, 'சொந்தப் பணி' என்று எழுதினார். ராக்கெட்டின் பாதை, எடை, வேகம் எல்லாம் போயின. அந்த இடத்தில், விழுந்தது பெரும்பாலும் விண்கல்லாகவே இருக்க வேண்டும் என்பதற்கான ஒன்பது பக்கம் வந்தது. மீதிப் பக்கங்கள் தாமாகவே நிரம்பின. புரியாத ஒன்று வானத்திலிருந்து விழுந்தால் மக்கள் யாரிடம் போகிறார்கள், எத்தனை நாள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், அந்த நாட்களுக்குள் ஊரின் நினைவு எப்படி எப்படியெல்லாம் இடம் மாறுகிறது என்று எழுதினாள். கிராம நிர்வாக அலுவலர் அன்றைக்கே இரண்டு பேரிடம் தனித்தனியாக நாளையும் மணியையும் கேட்டு எழுத ஒரு பக்கப் படிவம் ஒன்றை வரைந்தாள். அதன் கீழே, விழுந்ததைத் தொடாமல் தள்ளியிருப்பது, நீரைச் சோதிக்கும்வரை கால்நடைக்குக் காட்டாதிருப்பது, யார் வந்து பார்த்த பிறகு ஊர் திரும்புவது என்பன தமிழில் ஆறு வரியாக இருந்தன. ஆய்வேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்த ஆறு வரியை மொழிபெயர்க்க அவள் சம்மதிக்கவில்லை.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். முன்வரைவைத் தான் படித்திருப்பதாகவும், அதிலிருந்த ராக்கெட் அருமையாக இருந்ததாகவும், அதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்றும் கேட்டார். அது நல்லேந்தலுக்கு ஒரு நாள் தாமதமாக வந்தது என்று வேதா பதில் சொன்னாள். அவர் சிரித்தார். பிறகு விரத நாளைக்கொண்டு தேதியைத் திருத்திய விதத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டார். பஞ்சாங்கத்தின் படியை வாங்கிப் பார்த்தார். ஒரு குடும்பக் குறிப்பை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டார். எழுதியவரை உட்கார வைத்துப் பேசிய பிறகு முழுவதும் நம்பலாம் என்றாள்.

முதல் வகுப்பு கிடைத்தது. தரவரிசை இல்லை, ஆய்விதழுக்குக் கட்டுரையும் போகவில்லை. வராந்தாவில் கீதாஞ்சலி அவளுடைய தோளைத் தொட்டு, அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு அந்தப் படிவத்தைப் பாடமாக வைக்கப்போவதாகச் சொன்னார்.

கோயம்பேட்டில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பேருந்தில் அவள் படிக்காமல் வந்ததே இல்லை. அன்று பையைக்கூடத் திறக்கவில்லை. தாம்பரம் தாண்டியதும் கண் சொருகியது. திண்டிவனத்தில் வண்டி நின்றதும், வெள்ளரிப் பிஞ்சு விற்றவர்கள் ஏறி இறங்கியதும் அவளுக்குத் தெரியாது. செஞ்சிக் கோட்டை தெரியும் வளைவில் நடத்துனர் வந்து, எப்போதும் படித்துக்கொண்டே வருகிற அம்மா இன்று தூங்குகிறார்களே, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். ஒன்றுமில்லை, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, வேதா ஊர் வரும்வரை இன்னொரு தூக்கம் தூங்கினாள்.